பவர் விண்டோ வேலை செய்யலையா? கேளுங்க, பதில் சொல்றேன்

ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலைதான் எனக்கு. கார் கண்ணாடி ஏறல, இறங்கலன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. எந்தக் கதவு, ஸ்விட்சை அமுக்கினா என்ன சத்தம் வருது, இந்த ரெண்டையும் கேள்வியோட எழுதுங்க.

ஈரோடு: அண்ணா, டிரைவர் பக்கக் கண்ணாடி பாதியில நின்னுடுச்சு. சத்தமே இல்ல. மோட்டார் மாத்தணும்ங்கறாங்க.

அவசரப்பட்டு வாங்காதீங்க தம்பி. ராத்திரி இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, இக்னிஷனை மட்டும் ஆன்ல வைங்க. உள்லைட்டைப் போட்டு ஸ்விட்சை அமுக்குங்க. லைட் லேசா மங்கினா கரண்ட் மோட்டார் வரைக்கும் போகுது, அங்கதான் ஏதோ இறுகி நிக்குது. மங்கவே இல்லன்னா கரண்ட் வழியில நின்னுடுச்சு, இல்லன்னா மோட்டாருக்குள்ள கரண்ட் கடத்தற கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கு.

வழின்னா பியூஸ், ஸ்விட்ச், அப்புறம் கதவுக் கீல் பக்கத்து ஒயர். பல பேர் பார்க்காம விடறது இந்தக் கீல்தான். கதவுக்கும் பாடிக்கும் நடுவுல மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் குழாய் இருக்கும், அதை ஒதுக்குங்க. கதவு திறக்கறப்பெல்லாம் மடங்கி நிமிர்ந்து, மேல்தோல் நல்லா இருந்தாலும் உள்ள செம்பு அறுந்திருக்கும். மெதுவா இழுத்தா அந்த இடம் மட்டும் நீளும். கதவைப் பாதி திறந்து வெச்சா கண்ணாடி ஓடுது, சாத்தினா ஓடலன்னா அதேதான். முறுக்கி டேப் சுத்தாதீங்க, ஈயம் உருக்கி ஒட்டி (சால்டர்), மேல ஸ்லீவ் குழாய் போடுங்க.

இதெல்லாம் சரியா இருந்தா, மோட்டார் சாக்கெட்டைக் கழட்டிட்டு பேட்டரியிலிருந்து நேரா 12 வோல்ட் கொடுங்க. இந்த ஒயர்லயும் பியூஸ் இருக்கணும். முனைகளை மாத்திப் பிடிச்சா எதிர்ப்பக்கம் சுத்தும். ரெண்டு பக்கமும் ஓடினா மோட்டார் நல்லா இருக்கு. கதவுக்குள்ள விரல் வைக்காதீங்க.

சேலம்: கர்ருன்னு சத்தம் வந்து கண்ணாடி உள்ள விழுந்துடுச்சு.

கண்ணாடியை ஏத்தி இறக்கற ரெகுலேட்டரோட கேபிள் அறுந்திருக்கும், இல்ல கண்ணாடியைப் பிடிக்கிற கிளிப் உடைஞ்சிருக்கும். இனி ஸ்விட்சைத் தொடாதீங்க, கேபிள் தாறுமாறா சுத்திக்கும்.

கரூர்: பின் கதவு ஸ்விட்ச் ரெண்டும் வேலை செய்யல. என் பக்கத்து ஸ்விட்ச்ல இருந்து ஏறி இறங்குது.

உங்க பக்கத்துல இருக்கற, மத்த கண்ணாடி ஸ்விட்சை முடக்கற லாக் பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பாருங்க.

திருப்பூர்: 20 ஆம்ப் பியூஸ் அடிக்கடி போச்சு. 30 போட்டேன், பிரச்சினை தீர்ந்துச்சு.

தீரலைங்க. அந்தப் பச்சை பியூஸை இன்னைக்கே கழட்டிட்டு மஞ்சளைப் போடுங்க. ஓரத்து ரப்பர் பீடிங் காஞ்சு கண்ணாடி இறுகியிருக்கு, இல்லன்னா ஒயர் எங்கயோ பாடியில உரசுது. அதைக் கண்டுபிடிங்க.

மதுரை: இதுல என்ன தப்பு சார்? நான் ரெண்டு வருஷமா 30லதான் ஓட்டறேன்.

பியூஸ் இருக்கறது ஒயரைக் காப்பாத்த. பியூஸ் பெட்டி மூடியில 20ன்னு எழுதியிருந்தா அந்த ஒயரோட கனத்துக்கு அவ்வளவுதான் கணக்கு. கம்பெனியே 30 கொடுத்திருந்தா தாராளமா 30 போடுங்க. அதுக்கு மேல போனா பியூஸுக்கு முன்னாடி ஒயர் சூடாகி உருகும், அதே கட்டுல போற மத்த ஒயரையும் சேர்த்துக் கெடுக்கும்.

மதுரை: மோட்டார்லயே தெர்மல் கட் இருக்கே? அது நிறுத்திடாதா?

நல்ல கேள்வி. அது மோட்டார் சூடானாத்தான் வெட்டும். ஒயர் கதவுத் தகட்டுல உரசி எர்த் ஆனா, கரண்ட் மோட்டாருக்கே போகாம பாடிக்குப் போயிடும். அப்ப மோட்டார் குளிர்ந்தே இருக்கும், ஒயர் எரியும். அந்த இடத்துல பியூஸைத் தவிர வேற காவல் கிடையாது.

நாமக்கல்: பையன் ஏத்தி இறக்கி விளையாடினான், நின்னுடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு தானா வந்துச்சு.

இப்பதான் சொன்னேனே, அந்தத் தெர்மல் கட்தான். மோட்டாருக்கு ஒண்ணும் ஆகல. ஆனா லாக் பட்டனைப் போட்டு வைங்கம்மா. நிறைய வண்டியில கை சிக்கினா கண்ணாடி தானா இறங்கற வசதி டிரைவர் பக்கம் மட்டும்தான் இருக்கு, சிலதுல அதுவும் இல்ல.

தஞ்சாவூர்: பீடிங்குக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேண்டாம், தூசியைப் பிடிச்சு இன்னும் இறுகும். இன்ஜின் ஆயில் அதைவிட மோசம், ரப்பரை உப்ப வைக்கும். ஈரத்துணியில துடைச்சு, காய்ஞ்சதும் சிலிகான் ஸ்ப்ரே அடிங்க.

கோவை: சத்தமே இல்லைங்க. மோட்டார் வாங்கிடலாமா?

ஈரோட்டுத் தம்பிக்குச் சொன்னதைப் படிங்க.

ஓசூர்: புது பேட்டரி போட்டதும், ஒரே அமுக்குல கண்ணாடி தானா ஏறற ஆட்டோ அப் போச்சு.

முழுசா ஏத்தி, ஸ்விட்சை விடாம சில விநாடி பிடிங்க. வரலன்னா மேனுவல்ல பாருங்க, வண்டிக்கு வண்டி முறை மாறும்.

திண்டுக்கல்: மோட்டார் மாத்த எவ்வளவு ஆகும்?

முதல்ல லைட் சோதனை. விலையை அப்புறம் பேசலாம்.

சென்னை: மழைக்கப்புறம் கதவுக்குள்ள தண்ணி குலுங்குது. மோட்டார் கெடுமா?

விட்டா கெடும். கதவு அடியில சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், சேறு அடைச்சிருக்கும். மரக்குச்சியால குத்தி விடுங்க. கதவோட உள்பக்க அட்டையை (டோர் பேட்) கழட்டினா உள்ள இருக்கற பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காம எடுத்து, சுத்தி வர ஒட்டுங்க. கிழிஞ்சா தண்ணி மிதியடிக்கு வரும். சில வண்டியில ஏர்பேக் பிரஷர் சென்சார் கதவுக்குள்ளதான் இருக்கு, ஷீட் கிழிஞ்சா அதோட அளவீடும் பாதிக்கும்.

திருப்பூர்: நீங்க சொன்ன மாதிரி 20 போட்டேன். கதவை மூடினதும் போயிடுச்சு.

கதவை மூடினதும் போகுதுன்னா கீல் பக்க ஒயர்தான் உரசுது. பேட்டரியோட எர்த் (மைனஸ்) ஒயரைக் கழட்டிட்டு, ரப்பரை ஒதுக்கிப் போட்டோ எடுத்துப் போடுங்க. 30ஐ மறுபடி சொருகாதீங்க.