முதலில் லகான், பிறகு குதிரை

கேள்வி: எனக்கு வயது 36. பதினோரு வருடம் லாரி ஓட்டினேன். நான்கு வருடத்துக்கு முன் நடந்த விபத்தில் முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. சக்கர நாற்காலியில்தான் இருக்கிறேன். கைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. என் தாத்தா கிருஷ்ணகிரியில் ஜட்கா ஓட்டியவர். அவருடைய வண்டி இன்னும் எங்கள் தொழுவத்தில் கிடக்கிறது. மாமனாருக்கு மாந்தோப்பு இருக்கிறது. ஒரு குதிரை வாங்கி, அந்த ஜட்காவைச் சரிசெய்து தோப்புக்குள் ஓட்ட வேண்டும் என்று ஆசை. மனைவி, ‘ஒரு முறை விழுந்தது போதாதா’ என்று அழுகிறாள். அண்ணனோ, ‘மாரியம்மன் திருவிழாவில் உன்னை உட்கார வைத்து ஊர்வலம் விடலாம்’ என்று சிரிக்கிறார். இது நடக்கக்கூடிய காரியமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: தம்பி, மனைவியின் அழுகையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அண்ணனின் கேலி. மாற்றுத்திறனாளியை வண்டியில் ஏற்றுவது என்றாலே, பின்னால் உட்கார வைத்து, மாலை போட்டு, போட்டோ எடுத்து இறக்கிவிடுவது என்றுதான் நம் ஊரில் பலருக்கும் தோன்றுகிறது. நீங்கள் கேட்பது சவாரி அல்ல, லகான். அண்ணனுக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

நடக்கக்கூடிய காரியம்தான். பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குதிரையேற்றம் கற்றுத்தர 1969-இல் ஒரு சங்கம் அமைந்தது. அது இன்று வண்டியோட்டவும் கற்றுத்தருகிறது. சக்கர நாற்காலியோடு சரிவுப் பலகை வழியாக வண்டிக்குள் ஏறி, நாற்காலியைப் பூட்டிக்கொண்டு, லகானைப் பிடித்து ஓட்டுகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒற்றைக் குதிரை வண்டியில் உலக சாம்பியன்ஷிப் போட்டியே உண்டு. அதில் எனக்குப் பிடித்தது கூம்புப் போட்டி. இரண்டிரண்டாக நிறுத்திய கூம்புகளின் தலையில் பந்து வைத்திருப்பார்கள். அவற்றின் இடுக்கில் வண்டி புகுந்து வெளிவர வேண்டும், பந்து விழக்கூடாது. குறுகிய சந்தில் லாரியைப் பின்னால் எடுத்த உங்களுக்கு அந்த வேலை புரியும்.

வண்டியோட்டம் உங்களுக்குப் பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு. குதிரைமேல் ஏறி ஓட்டுபவர் பாதிப் பேச்சைக் காலால்தான் பேசுகிறார். தொடையால் அழுத்துவதும் குதிகாலால் தட்டுவதும்தான் குதிரைக்குக் கட்டளை. வண்டியில் அந்தப் பேச்சு முழுவதும் கைக்கும் குரலுக்கும் சாட்டைக்கும் வந்துவிடுகிறது. சாட்டை அடிப்பதற்கு அல்ல, தொட்டுச் சொல்வதற்கு. பிரிட்டன் இளவரசர் பிலிப், மணிக்கட்டு வாதத்தால் ஐம்பது வயதில் போலோவை விட்டுவிட்டு வண்டியோட்டத்துக்கு வந்தவர். தொண்ணூறு தாண்டியும் ஓட்டினார். உடம்பு ஒரு கதவைச் சாத்தினால் வேறு கதவு வழியாகக் குதிரையிடம் போவது புதிதல்ல.

அடுத்து நான் சொல்வது உங்களுக்குக் கொஞ்சம் கசக்கும். மாற்றுத்திறனாளி ஓட்டும் வண்டியில் லகான் இரண்டு ஜோடி. ஒன்று உங்கள் கையில், மற்றொன்று பக்கத்தில் உட்காரும் தேர்ந்த வண்டிக்காரர் கையில். அவருடையது தொய்வாகக் கிடக்கும். குதிரை மிரண்டால் மட்டும் இறுக்குவார். ‘பதினோரு வருடம் லாரி ஓட்டியவனுக்குக் காவலா?’ என்று கேட்காதீர்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுத்தருபவரின் காலடியில் இன்னொரு பிரேக் இருந்ததல்லவா? அதுதான் இது. லாரி தானாக மிரளாது, குதிரை மிரளும். அந்த இரண்டாம் லகான் இல்லாமல் தோப்புக்குள் ஒரு சுற்றுக்கூட வேண்டாம்.

இனி தாத்தாவின் ஜட்கா. ஆசைக்கு மரியாதை செய்தே சொல்கிறேன், அது வேண்டாம். ஜட்காக்காரர்கள் ஓயாமல் ‘முன்னே நகருங்கள், பின்னே தள்ளி உட்காருங்கள்’ என்று சத்தம் போட்டது வாய்க் கொழுப்பினால் அல்ல. இரண்டு சக்கர வண்டிக்கு அச்சுதான் தராசு. முன்பாரம் ஏறினால் குதிரையின் முதுகு நசுங்கும். பின்பாரம் ஏறினால், குதிரையின் இரு பக்கமும் நீளும் முன்கட்டைகள் மேலே தூக்கி அதன் வயிற்றுப் பட்டை இறுகும். உங்கள் எடையோடு நாற்காலியின் எடையும் பின்வழியாக ஏறும்போது அந்தத் தராசு என்ன ஆகும் என்று யோசியுங்கள். போதாததற்கு ஜட்காவின் தளம் உயரம். சரிவுப் பலகை வைத்தால் மலையேற்றமாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது தளம் தாழ்ந்த, காற்று டயர் போட்ட, நாற்காலியின் நான்கு மூலைகளையும் தரையோடு பூட்டும் கொக்கிகள் உள்ள வண்டி. ஓசூர்ப் பட்டறைகளில் இரும்பு வேலைக்குப் பஞ்சமில்லை, செய்துவிடுவார்கள். அவசரப்படுத்தாதீர்கள். ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரம் செய்தால் எப்படியிருக்கும், அப்படிப்பட்டவன் அதியமான் என்று ஔவை பாடிய மண் இது.

பட்டறைக்காரர் தாமாக யோசிக்க மாட்டார் என்பதால் ஒன்றை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சாதாரண வண்டிக்காரர், குதிரை இழுக்கும்போது முன்பலகையில் காலை உதைத்து உடம்பை நிறுத்துகிறார். உங்களால் அது முடியாது. குதிரை தலையை வெட்டி இழுத்தால் லகானோடு நீங்களும் முன்னே சாய்வீர்கள். ஆகவே முதுகுக்கு உயரமான சாய்வும், இரண்டு விலாவுக்கும் அணைப்பும், இடுப்பில் ஒரு பட்டையும் வேண்டும். அந்தப் பட்டை ஒரே இழுப்பில் கழன்றுவிட வேண்டும். வண்டி கவிழும் நேரத்தில் வண்டியோடு பூட்டிய நாற்காலியில் இறுகக் கட்டிக் கிடப்பதைவிட ஆபத்து வேறில்லை. தலைக்கவசம் கட்டாயம். அண்ணன் சிரித்தாலும் கட்டாயம்.

உணர்வற்ற தோலுக்குக் குலுக்கல்தான் பகை. புண் வந்தது உங்களுக்குத் தெரியாது. மாலையில் மனைவி பார்த்துச் சொன்னால்தான் தெரியும். புட்டத்தில் வந்த புண் ஆற மாதக்கணக்காகும், குதிரையும் அதுவரை சும்மா நிற்கும். நல்ல மெத்தைத் திண்டு போடுங்கள். முதல் மாதம் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் வண்டியை நிறுத்தி, கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி அழுத்தத்தை விடுங்கள். கால் நழுவித் தொங்கினாலும் உங்களுக்குத் தெரியாது, ஆகவே மூடிய காலணியும், பாதத்தைப் பிடிக்கும் விளிம்பும் தேவை. ரண ஜன்னித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். லாயத்து மண்ணில் அந்தக் கிருமி சாதாரணம். இதையெல்லாம் ஒரு முறை மறுவாழ்வு மருத்துவரிடம் காட்டுங்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் பெயரைத் தாங்கிய இடம் அது. உங்கள் ஆசையைக் கேட்டு அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

குதிரை விஷயத்துக்கு வருவோம். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய், பளபளவென்று காதை விறைத்து நிற்கும் குதிரையைப் பார்த்து மயங்கி விலை பேசிவிடாதீர்கள். உங்களுக்கு அழகு வேண்டாம், சலிப்பு வேண்டும். பஸ் ஹாரனைக் கேட்டும், பாலித்தீன் பை பறப்பதைப் பார்த்தும் கொட்டாவி விடுகிற, எட்டு வயது தாண்டிய குதிரைதான் உங்கள் குதிரை. கல்யாண ஊர்வலத்துக்கு ஆடப் பழக்கிய குதிரையும் வேண்டாம், மேளம் கேட்டால் அது தன் வேலையைத் தொடங்கிவிடும். சாரட் வண்டி வைத்திருப்பவர்களைத் தேடுங்கள். அவர்களிடம் இழுத்துப் பழகிய, கூட்டத்தில் அசையாமல் நிற்கிற குதிரை இருக்கும். வாங்காதீர்கள். மூன்று மாதத்துக்குக் குதிரையையும் குதிரைக்காரரையும் சேர்த்து வாடகைக்குப் பேசுங்கள். குதிரை ஓடாத நாளிலும் தின்னும். கொள்ளும் புல்லும் லாடமும் உங்கள் கையிருப்பைத் தாங்குமா என்பது அந்த மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். பிறகு வாங்குவதானால், கால்நடை மருத்துவரிடம் கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனை செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். குதிரையிடமிருந்து மனிதருக்குத் தொற்றி உயிரையே எடுக்கும் நோய் அது.

வெயில் நேரத்தில் வண்டி வேண்டாம். வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணிவரை குதிரையைப் பூட்டக்கூடாது என்று 1965-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. சித்திரையில் கிருஷ்ணகிரி எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாம்பூ காலத்தில் மருந்து தெளிக்கும் மோட்டார் ஓடினால் அன்றைக்கும் விடுமுறை. தேசிய நெடுஞ்சாலைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். இறங்கும்போது ஒரு விதி: நீங்கள் நாற்காலியோடு தரையில் இறங்கும்வரை குதிரையின் தலைமாட்டில் ஓர் ஆள் பிடித்து நிற்க வேண்டும். வண்டியிலிருந்து குதிரையை அவிழ்க்குமுன் கடிவாளத்தைக் கழற்றவே கூடாது. வண்டியோடு கடிவாளமில்லாமல் ஓடும் குதிரையைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை.

மனைவி அழுவது நியாயம். அவர் பார்த்தது விபத்தை அல்ல, அதற்குப் பிறகு வந்த நான்கு வருடத்தை. அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்காதீர்கள், லாயத்துக்கு அழைத்துப் போங்கள். குதிரைக்காரரிடம் அவரும் சேர்ந்து கற்கட்டும். ஒரு வருடம் கழித்து அந்த இரண்டாம் லகான் அவர் கைக்கு வந்தால் அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை. அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தவும் வேண்டாம்.

இன்றைக்கே தொடங்க ஒரு வேலை. ஜன்னல் கம்பியில் இரண்டு கயிற்றைக் கட்டி, முனையைக் கையில் பிடித்து, இரண்டு பக்கமும் ஒரே இறுக்கம் இருக்கும்படி கால் மணி நேரம் உட்காருங்கள். பிறகு கயிற்றை அவிழ்த்துக் கம்பிக்கு மேலாக விட்டு, மறு நுனியில் சிறு தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு, ஆடாமல் ஏற்றி இறக்குங்கள். ஸ்டியரிங் பிடித்த கைக்கு இறுக்கிப் பிடிக்கத்தான் தெரியும், விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொள்ள நாளாகும்.

தாத்தாவின் ஜட்காவை விற்றுவிடாதீர்கள். மணியும் பித்தளை வளையங்களும் விளக்கும் இருந்தால் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து வையுங்கள், புது வண்டியில் மாட்டலாம். தோல் வார்களை மட்டும் எடுக்க வேண்டாம். அவ்வளவு பழைய தோல் பார்வைக்கு முழுசாக இருக்கும், முதல் இழுப்பில் அறுந்துவிடும்.