தோட்டக் கேள்வி பதில்: உறைபனியில் கருகிய கறிவேப்பிலை

கேள்வி: நாங்கள் ஹூஸ்டன் நகரில் வசிக்கிறோம். வீட்டுக்குப் பின்புறம் தரையில் ஊன்றிய கறிவேப்பிலை என் உயரத்தையும் தாண்டி வளர்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு முருங்கையும் குண்டுமல்லிப் புதரும் உண்டு. மின்விசிறி போடும்படி இருந்த வானிலை ஒரே நாளில் தலைகீழாக மாறி, இரண்டு இரவுகள் உறைநிலைக்குக் கீழே போய்விட்டது. பிளாஸ்டிக் தாளைக் கறிவேப்பிலையின் தலையில் சுற்றி, நடுத்தண்டில் கயிறு போட்டுக் கட்டினேன். அப்படியும் இலைகள் வெந்த கீரைபோலத் தொங்கிக் கறுத்துவிட்டன. மரம் பட்டுப்போய்விட்டதா? கருகியதை வெட்டிவிட்டு உரம் வைக்கலாமா? அடுத்த வாரம் மறுபடியும் குளிர் வரும் என்கிறார்கள்.
– ஒரு வாசகி, ஹூஸ்டன், டெக்சஸ்

பதில்: இப்போதைக்குக் கத்தியையும் எடுக்க வேண்டாம், உரத்தையும் தொட வேண்டாம் அம்மா. இலை கறுத்ததைக் கொண்டு மரம் பட்டுப்போனதாக முடிவு கட்டிவிட முடியாது. உறைபனியில் இலைத் திசுவுக்குள் பனிக்கட்டி உருவாகி, உயிரணுக்களிலிருந்து நீரை உறிஞ்சி, அவற்றின் மெல்லிய சவ்வைச் சிதைத்துவிடுகிறது. வெயில் ஏறிப் பனி உருகியதும் இலை துவண்டு கறுப்பது அதனால்தான். தண்டு இலையைவிடத் தடித்தது, வேர் மண்ணுக்குள் பத்திரமாக இருப்பது. ஆகவே சேதம் நுனியில் தொடங்கிக் கீழே இறங்குமே தவிர, எல்லா இடத்தையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. படிப்படியாகக் குளிர்ந்திருந்தால் செடி ஓரளவு தன்னைத் திடப்படுத்திக்கொண்டிருக்கும். இளவேனிலைப் போன்ற நாட்களில் தளிர்விட்டுக்கொண்டிருந்த செடியின்மேல் திடீரென்று குளிர் இறங்கியதுதான் தங்கள் தோட்டத்துக்கு நேர்ந்த துரதிருஷ்டம்.

தண்டின் மேற்பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. பழுப்பேறி உலர்ந்திருந்தால் இன்னும் கீழே சுரண்டிப் பார்க்க வேண்டும். எது வரை உயிர் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் உடனே வெட்டக் கூடாது. கருகிய இலைகளும் கிளைகளும் அடுத்த குளிரில் கீழ்ப்பகுதிக்குப் போர்வையாக உதவும். இப்போது வெட்டினாலோ தழைச்சத்து உரம் கொடுத்தாலோ செடி அவசரமாகத் தளிர்விடும், அந்த இளந்தளிர் அடுத்த பனியில் முதலில் பலியாகும். மார்ச் பிறந்து உறைபனிக் கவலை நீங்கி, புதிய முளை எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்த பின்னர் வெட்டினால் போதும். இலையில்லாத செடி அதிகம் நீர் குடிக்காது என்பதால், அதுவரை மண் சொதசொதவென்று ஊறிக் கிடக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, அடுத்த வாரத்துக்கான ஏற்பாடு. தாங்கள் போர்வையைக் கட்டிய விதத்தில்தான் தவறு நேர்ந்திருக்கிறது. போர்வை தானாகச் சூடு தருவதில்லை. பகல் முழுவதும் வெயிலை வாங்கி வைத்திருக்கும் தரை இரவில் அந்த வெப்பத்தை வெளிவிடுகிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் அது வானத்தை நோக்கிப் போய்விடுகிறது. அதைச் செடியைச் சுற்றித் தடுத்து வைப்பதே போர்வையின் வேலை. நடுத்தண்டில் கயிறு போட்டு இறுக்கினால் தரையின் வெப்பம் உள்ளே நுழைய வழியே இல்லாமல் போகிறது. நாலு பக்கமும் குச்சி நட்டு, பழைய படுக்கை விரிப்பையோ கம்பளியையோ கூடாரம்போல விரித்து, ஓரங்கள் தரையில் படியும்படி செங்கல் வைத்து அழுத்துங்கள். பிளாஸ்டிக் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். வேறு வழியில்லையென்றால் துணிக்கு மேலே பிளாஸ்டிக்கைப் போட்டு, காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும். நம் ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் மலர்ச்செடிகளின்மேல் மிலார் என்னும் செடியின் கொப்புகளைப் போட்டு மூடுகிறார்கள் அல்லவா, அதற்கும் இதே தத்துவம்தான்.

குளிர் வருவதற்கு முந்தைய நாள் பகலில் வேர்ப்பகுதிக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். ஈரமண் உலர்ந்த மண்ணைவிட அதிக வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இலைகளின்மேல் தெளிக்க வேண்டாம். புளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் உறைபனி இரவில் தெளிப்பான் ஓட்டுவதைப் பார்த்துவிட்டுச் சிலர் இதைச் செய்கிறார்கள். ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியிடுகிறது என்பது உண்மையே. ஆனால் அதே ஒரு கிராம் ஆவியானால் ஏறக்குறைய 600 கலோரியைச் செடியிடமிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளும். உலர்ந்த காற்று வீசும் இரவில், அல்லது நடுவில் நீர் நின்றுபோனால், காக்க நினைத்த செடியை நாமே கொன்றவர்களாவோம்.

கூடாரத்துக்குள் விளக்கு வைப்பதானால் பழைய இழைக் குண்டு பல்பு வேண்டும். எல்இடி பல்பில் போதிய சூடு கிடையாது. பல்பு துணியில் படாமலும் ஈரம் படாமலும் இருக்க வேண்டும் என்பதில் மிகுந்த கவனம் தேவை. ஆனால் மின்சாரத்தையே நம்பியிருக்க வேண்டாம். 2021 பிப்ரவரிப் பனிப்புயலின்போது டெக்சஸில் பல லட்சம் வீடுகளில் மின்சாரம் நின்றுபோனதை அங்கிருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதம் 16ஆம் தேதி ஹூஸ்டன் விமான நிலையத்தில் வெப்பநிலை 13 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது செல்சியஸில் மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே, இறங்கியது. 2022 டிசம்பரிலும் கடுங்குளிர் வந்தது, 2025 ஜனவரியில் நகரில் பனியே பொழிந்தது. அப்படிப்பட்ட இரவில், அதிலும் வடக்கிலிருந்து காற்று அடிக்கும்போது, கறிவேப்பிலையின் கிளைகளை எந்தப் போர்வையாலும் காப்பாற்ற முடியாது. காப்பாற்ற முடிந்தது அடித்தூரை மட்டுமே. ஆகவே துணிக் கூடாரம் போடுவதற்கு முன்பே, தண்டின் அடியில் ஓரடி உயரத்துக்கு உலர்சருகையோ வைக்கோலையோ குவித்துவிடுங்கள். கிளை முழுவதும் போனாலும் தூரிலிருந்தோ வேரிலிருந்தோ முளை வந்துவிட்டால் செடி தங்களுடையதே. மண் குளிர்ந்து கிடப்பதால் முளை தாமதமாகலாம். மே மாதம் வரை தோண்டிப் போடாமல் பொறுத்திருங்கள்.

முருங்கைக்கும் குண்டுமல்லிக்கும் இதே சருகுக் குவியல் போதும். முருங்கையின் வேர் கிழங்குபோலத் தடித்தது, ஆகையால் தண்டு அழுகினாலும் பெரும்பாலும் அடியிலிருந்து எழுந்துவிடும்.

ஒருவேளை புதுச் செடி வாங்க நேர்ந்தால், வெளி மாநிலத்து நண்பர் தரும் கன்றைக் காரில் வைத்துக் கொண்டுவராதீர்கள். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பசுமை நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால், டெக்சஸ், புளோரிடா, கலிபோர்னியா மாநிலங்களில் அதை இடம்விட்டு இடம் கொண்டுசெல்லக் கட்டுப்பாடு இருக்கிறது. உள்ளூர் நாற்றுப் பண்ணையில் வாங்குவதே முறை.

கேள்வி: பனியில் பட்டுப்போன எங்கள் ஆரஞ்சு மரம் அடியிலிருந்து செழிப்பாகத் துளிர்த்திருக்கிறது. ஆனால் இலைகள் மூன்று மூன்றாக இருக்கின்றன. ஏன்?
– ஒரு வாசகர், சுகர்லேண்ட், டெக்சஸ்

பதில்: துளிர்த்திருப்பது தங்கள் ஆரஞ்சு அல்ல என்று வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. குளிர் தாங்கும் மூவிலை ஆரஞ்சின் வேரில் ஒட்டுக் கட்டிய மரம் அது. ஒட்டுக்கு மேலே இருந்தது போய்விட்டது. வேர்ச்செடி தன் இலையோடும் முள்ளோடும் கிளம்பியிருக்கிறது. அதன் பழம் கசப்பும் விதையுமாக இருக்கும். ஒட்டுக்கு மேலே ஒரு முளையேனும் இருந்தால் கீழே வருவதையெல்லாம் கிள்ளிவிட்டு அதை வளருங்கள். இல்லையென்றால் புதுக் கன்றுதான். அடுத்த முறை ஒட்டுப் போட்ட இடத்துக்கு மேல் நாலு விரல் வரை மண்ணால் அணைத்து வைத்து, குளிர் நீங்கியதும் மறக்காமல் விலக்கிவிட வேண்டும், விட்டுவைத்தால் பட்டை அழுகும். கறிவேப்பிலையில் இந்தச் சிக்கல் இல்லை. அது பெரும்பாலும் தன் சொந்த வேரில் நிற்பதால் அடியிலிருந்து வருவதும் கறிவேப்பிலையே.

கேள்வி: ஓசூரில் மாடித் தொட்டியிலுள்ள என் கறிவேப்பிலை மார்கழியில் துளிர்ப்பதை நிறுத்தி, இலை மஞ்சளாகி உதிர்கிறது. இதுவும் உறைபனியா?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: இல்லை. இரவு வெப்பநிலை 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கறிவேப்பிலையின் குருத்து உறங்கத் தொடங்கிவிடும், வேரும் மெதுவாகவே வேலை செய்யும். கோடையில் விட்ட அளவுக்கு இப்போதும் தண்ணீர் விட்டால் தொட்டியில் நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறுகிறது. மஞ்சள் அதனால் வந்திருக்கலாம். மேல்மண் ஒரு விரற்கடை உலர்ந்த பிறகு, வெயில் ஏறிய நேரத்தில் மட்டும் தண்ணீர் விடுங்கள். தொட்டியைத் தெற்கு வெயில் படும் சுவரோரம் நகர்த்தி வையுங்கள். மாசி வெயில் ஏறித் துளிர் தெரிந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டுத் தொழுவுரம் வைக்கலாம்.