எஞ்சின் மாற்றிய வேன் பாதி வழியில் நின்றால்: வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

கேள்வி: சார், என்னிடம் இருப்பது 1998 மாடல் மாருதி ஆம்னி, கார்புரேட்டர் வண்டி. எஞ்சின் ஆயில் குடித்துப் புகை தள்ள ஆரம்பித்ததால், அடிபட்ட ஒரு பிந்தைய மாடல் ஆம்னியிலிருந்து எம்பிஎஃப்ஐ எஞ்சினை (கார்புரேட்டர் இல்லாமல், இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் ரகம்) வயரிங், அதை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம்மோடு வாங்கி மாட்டினோம். காலையில் அருமையாக ஓடுகிறது. 20 கிலோமீட்டர் தாண்டினால், அதுவும் மதிய வெயிலில், ஜெர்க் அடித்து ஆஃப் ஆகிவிடுகிறது. கால் மணி நேரம் நிறுத்தி வைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. பிளக், காயில், ஃபில்டர் எல்லாம் மாற்றியாயிற்று. எஞ்சினே சரியில்லை, வேறு பார்க்கலாம் என்கிறார் மெக்கானிக். (பவானி வாசகர்)

பதில்: வேறு எஞ்சின் வாங்கிவிடாதீர்கள். காலையில் இழுவை குறையாமல் ஓடுகிற எஞ்சின் உள்ளே கெட்டுப்போயிருக்க வாய்ப்புக் குறைவு. எஞ்சின் மாற்றிய வண்டியில் நான் முதலில் பார்ப்பது பழைய வண்டியும் புது எஞ்சினும் சேர்கிற இடங்களைத்தான். பெட்ரோல் பைப், வயர், எர்த் (மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), இந்த மூன்றும்.

ஆஃப் ஆனதும் டீ குடிக்கப் போய்விடாதீர்கள். கோளாறு இருக்கும்போதுதான் அதைப் பிடிக்க முடியும், ஆறிய பிறகு எல்லாமே சரியாகத்தான் தெரியும். முதல் வேலை, டேங்க் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால் டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது, செலவே இல்லாமல் முடிந்தது. இல்லையென்றால் சாவியை ஆன் செய்து காதைக் கொடுங்கள். பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று நொடி உறுமி நிற்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் பம்ப், அதன் ரிலே, ஃபியூஸ், இல்லை அதற்குப் போகிற வயர். சத்தம் வருகிறது, ஆனால் வழக்கத்தைவிடக் கீச்சென்று வருகிறது என்றால் பம்புக்குப் பெட்ரோல் வந்து சேரவில்லை.

என் சந்தேகம் இந்தக் கடைசி விஷயத்தில்தான். உங்கள் பழைய எஞ்சினில் இருந்தது எஞ்சினோடு சேர்ந்து ஓடும் மெக்கானிக்கல் பம்ப், 0.25 பார் (பார் என்பது அழுத்த அளவு) அழுத்தமே கார்புரேட்டருக்குத் தாராளம். எம்பிஎஃப்ஐக்குச் சுமார் 3 பார் வேண்டும், அதனால் அந்த வண்டிகளில் மின்சார பம்ப் டேங்குக்குள்ளேயே, பெட்ரோலில் முங்கி உட்கார்ந்திருக்கும். பழைய டேங்கில் அதற்கு இடம் இல்லாததால், மாற்றியவர் வெளியே மாட்டும் பம்ப் ஒன்றைப் போட்டிருப்பார். வெளிப் பம்ப் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் மந்தம். டேங்கை ஒட்டி, டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே இருந்தால் பிரச்சினை வராது. வசதியாக இருக்கிறதே என்று எஞ்சின் பக்கத்தில் மாட்டியிருந்தாலோ, பைப் சைலன்சரை ஒட்டிப் போனாலோ, இழுக்கிற பக்கத்தில் பெட்ரோல் சூட்டில் ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத் தள்ளாது, ஆறியதும் மறுபடி பெட்ரோல் வரும். ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில், சூடு போக வழியில்லாமல் இருப்பதால் மதிய வெயிலில் இது சீக்கிரமே வரும். டேங்க் காலியாக இருக்கும்போது சீக்கிரம் நிற்கிறது, நிரப்பியிருந்தால் தாமதமாக நிற்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம். பம்பை இடம் மாற்றச் சொல்லுங்கள், மீந்த பெட்ரோலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பைப் டேங்க் வரை திரும்பிப் போகிறதா, இல்லை பாதியிலேயே இழுக்கிற பக்கத்தில் சேர்த்துவிட்டார்களா என்றும் பாருங்கள். அப்படிச் சேர்த்திருந்தால் சூடான பெட்ரோலே சுற்றிச் சுற்றி வரும்.

பம்ப் ஓடும்போது அதன் முனையில் வோல்ட் பாருங்கள். பேட்டரியைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயர் மெலிசு, அல்லது எர்த் மோசம். எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டையை எஞ்சின் மாற்றும்போது மாட்ட மறப்பது ரொம்ப சகஜம்.

பெட்ரோல் சரி, ஆனால் பிளக்கில் பொறி இல்லை என்றால், எஞ்சின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் அல்லது கேம் சென்சார். சூட்டில் செத்து ஆறியதும் பிழைக்கிற சாமான் இது. நின்ற உடனே அதன் மேல் ஈரத்துணி போட்டு ஐந்து நிமிஷத்தில் ஸ்டார்ட் ஆனால் அதுதான் திருடன். பொறி பார்க்கும்போது பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருக்கக் கூடாது.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய கார்புரேட்டர் ஓஸையே (ரப்பர் குழாயையே) 3 பாருக்கும் விட்டிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். இன்ஜெக்‌ஷனுக்கான ஓஸ், அதற்கான கிளாம்ப் தனி. கசிந்தால் தீ உங்கள் சீட்டுக்கு அடியில்.

கேள்வி: இதே போல மாற்றிய ஆம்னிதான். நிற்பதில்லை, ஆனால் லிட்டருக்கு 9 கிலோமீட்டர்தான் தருகிறது, சைலன்சரில் கரி, பெட்ரோல் வாடை.

பதில்: எஞ்சின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று ஈசிஎம் நினைத்துக்கொண்டு பெட்ரோலை அள்ளி ஊற்றுகிறது. எஞ்சின் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சாரின் வயர் மாட்டியிருக்கிறதா பாருங்கள். சூடு காட்டும் மீட்டர் முள்ளுக்குப் போகிற சென்சார் வேறு, ஈசிஎம்முக்குப் போகிறது வேறு, முள் சரியாகக் காட்டுகிறது என்று விட்டுவிடாதீர்கள். எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டிருந்தால் திரும்ப மாட்டச் சொல்லுங்கள், நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. புகையில் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறதா, பழைய சைலன்சரில் அதை மாட்ட ஓட்டை இல்லையென்று சும்மா தொங்கவிட்டார்களா என்பதையும் பாருங்கள். கோளாறு வந்தால் எரியும் செக் எஞ்சின் பல்பை மீட்டரில் இணைக்காமல் விட்டிருப்பார்கள், முதலில் ஒரு பல்பு போட்டுக்கொள்ளுங்கள், அதில்லாமல் இந்த எஞ்சினை ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதுதான்.

கேள்வி: பழைய மேட்டடார் வேனில் டிராவலர் வேனின் டீசல் எஞ்சின் மாட்டியிருக்கிறேன். காலையில் மட்டும் ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது.

பதில்: டீசல் லைனில் இருக்கும் கை பம்பை அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். உடனே பிடித்தால் ராத்திரியில் லைனில் காற்று ஏறுகிறது, வாஷர், ஓஸ், ஃபில்டர் மூடி ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்படியும் பிடிக்காமல் வெள்ளைப் புகையோடு திணறினால், ஸ்டார்ட்டுக்குச் சூடேற்றித் தரும் ஹீட்டர் பிளக்கில் கோளாறு.

கேள்வி: எஞ்சின் மாற்றினால் ஆர்.சி.யில் மாற்ற வேண்டுமா? யாரும் பார்ப்பதில்லையே?

பதில்: மாற்ற வேண்டும். விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வரும்போது பார்ப்பார். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போதும் பார்ப்பார்கள். எஞ்சின் வாங்கிய பில், அது இருந்த வண்டியின் ஆர்.சி. நகல் இரண்டையும் கையில் வாங்கிக்கொண்டு ஆர்டிஓ அலுவலகம் போங்கள். பில் தர மாட்டேன் என்கிற கடையில் எஞ்சின் வாங்காதீர்கள், அது யார் வீட்டு வண்டியோ.