கண்ணைக் கட்டிவிட்டால் போதுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர் நான். முதலாண்டு மாணவர்களுக்கு ஊனம் பற்றிய வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் கண்ணைக் கட்டி, மீதிப் பேரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வளாகத்தைச் சுற்றிவரச் சொன்னேன். சிலர் அழுதேவிட்டார்கள். ஆனால் பார்வையற்ற நண்பர் ஒருவர், 'இனிமேல் இதைச் செய்யாதீர்கள்' என்கிறார். உங்கள் கருத்து என்ன? பெயர் வேண்டாம்.

அன்புள்ள டாக்டர்,

உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. கண்ணைக் கட்டிய முதல் அரைமணியில் யாருக்கும் பயம்தான் வரும். பல வருடமாகப் பார்வையில்லாமல் கோலோடு தெருவில் இறங்கி, பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவரின் திறமை அதில் தெரியாது. மாணவர்கள் 'ஐயோ பாவம்' என்ற நினைப்போடு வெளியே வருவார்கள். நாளை ஓ.பி.யில் நோயாளியை விட்டுவிட்டு, கூட வந்தவரிடம் 'இவருக்கு என்ன பண்ணுது?' என்று கேட்கவைப்பது அந்த நினைப்புதான்.

ஊனமுற்றவர்களையே வகுப்பெடுக்க அழையுங்கள். சொந்தக் கதை சொல்ல அல்ல, பாடம் நடத்த. ஓர் உதாரணம்: கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்ட ஒருவருக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகமெல்லாம் வியர்வை. ரத்த அழுத்தம் 140. வலி மாத்திரை கொடுத்து அனுப்பத்தான் தோன்றும். ஆனால் அவருக்கு வழக்கமாகவே 90, 100தான் இருக்கும்; 140 என்பது அவருக்கு ஆபத்தான ஏற்றம். காரணம், பெரும்பாலும் சிறுநீர் போகப் பொருத்திய டியூப் அடைத்திருக்கும், அல்லது மலச்சிக்கலாக இருக்கும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து அடைப்பை நீக்க வேண்டும். விட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம். மறுவாழ்வுப் பயிற்சி பெற்ற நோயாளிக்கு இது தெரியும். 'டியூபைப் பாருங்க டாக்டர்' என்று அவர் சொல்லும்போது காதுகொடுத்துக் கேட்கிற மருத்துவர் வேண்டும். அந்தப் பழக்கத்தை முதல் வருடத்திலேயே உண்டாக்கலாம்.

வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954 விபத்தில் தண்டுவடம் அடிபட்ட பிறகு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் தொடங்கியதும் அவர் முயற்சியில்தான். உங்கள் மாணவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்க வேண்டும்.

துறைத்தலைவர் தயங்கினால் சட்டத்தைக் காட்டுங்கள். மருத்துவர்களுக்கான படிப்பில் ஊனம் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்கிறது 2016 ஊனமுற்றோர் உரிமைகள் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. 2019-இல் பாடத்திட்டத்துக்குள் வந்த ஊனம் பற்றிய பயிற்சி, 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட வழிகாட்டியில் இல்லை. ஊனமுற்ற மருத்துவர்களும் உரிமை அமைப்புகளும் எதிர்த்த பிறகு, செப்டம்பரில் அந்த வழிகாட்டியே திரும்பப் பெறப்பட்டது. இன்னொரு தடவை விட்டுக்கொடுக்கக் கூடாது.

அப்புறம், வருகிறவர்களுக்கு மற்ற விருந்தினர்களுக்குத் தருகிற மதிப்பூதியத்தையே கொடுங்கள். வகுப்பறை மாடியில் இருந்தால் லிஃப்ட் ஓடுகிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். காதுகேளாதவர் வருகிறார் என்றால் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும். அவர் பிள்ளையை வைத்துச் சமாளிக்காதீர்கள்.