பைக்கின் பெட்ரோல் டேங்க்கில் ஒட்டிய மண்டையோட்டு ஸ்டிக்கர் பல் நுனியில் மட்டும் கிளம்புவது ஏன்?

மேலே இன்னொரு பசை தடவ வேண்டாம். ஸ்டிக்கரை உரித்துவிட்டு காஸ்ட் வினைலில் (திரவமாக ஊற்றி உருவாக்கும், அதிகம் சுருங்காத மெல்லிய ஃபிலிம்) வெட்டியதை ஒட்டுங்கள். இரண்டே வாரத்தில் பல்வரிசை கிளம்பிவிட்டது, நெற்றி அப்படியே இருக்கிறது என்கிறீர்களே, அது பெரும்பாலும் ஃபிலிம் சுருங்குவதால். மலிவான காலண்டர்டு வினைலை (உருளைகளுக்கிடையே அழுத்தி இழுத்துச் செய்யும் ஃபிலிம்) வளைவில் இழுத்து ஒட்டினால், வெயில் சூட்டில் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். கூரான பல் நுனிதான் முதலில் தோற்கும்.

கிளம்பிய ஓரத்தை உற்றுப் பாருங்கள். ஸ்டிக்கரைச் சுற்றிப் பெயின்ட்டில் மயிரிழைப் பசைக்கோடு தெரிந்தால் சுருக்கம்தான். பெயின்ட் சுத்தமாக இருந்து, பசை ஸ்டிக்கரோடே வந்திருந்தால் அடியில் மெழுகுப் பாலிஷ் இருக்கிறது. தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்கும்.

1. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால், தண்ணீர் முத்துக்கட்டாமல் பரவும்வரை துடையுங்கள்.
2. பல் நுனிகளை 1 மி.மீ. அளவுக்கு உருட்டி வெட்டச் சொல்லுங்கள். மிரட்டல் குறையாது, மண்டையோட்டுக்கு முகம் தருவது கண்குழியும் மூக்குக்குழியும்தான்.
3. நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து ஒட்டி, 24 மணி நேரம் தண்ணீர் படாமல் வையுங்கள்.

ஸ்டிக்கரை இளக்குவதற்காக, பெட்ரோல் இருக்கும் டேங்க்கில் ஹீட் கன் (சூடுகாற்று அடிக்கும் கருவி) காட்டவே கூடாது. வடித்தாலும் போதாது, காலி டேங்க்கில் நிற்கும் ஆவி இன்னும் ஆபத்து.

புதிதாக வெட்டும் படத்தில் இறக்கை இருந்தால் யோசியுங்கள். இறக்கை வைத்த மண்டையோடு ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற மோட்டார்சைக்கிள் குழுவின் பதிவுபெற்ற சின்னம்; அதன் சாயல்கூட வேண்டாம்.