வாசகர் கேள்வி பதில்: லெம்மி 0.19 அப்டேட்

லெம்மி ஒரே நிறுவனம் நடத்தும் தளம் அல்ல. தனித்தனி ஆட்கள் நடத்தும் சர்வர்கள், ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறை வழியே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விவாத மேடை. 2023 ஜூனில் ரெட்டிட் தளத்தின் ஏபிஐ (வெளி ஆப்கள் தளத்தோடு பேசும் வழி) கட்டணத்தை எதிர்த்து வெளியேறியவர்களில் பலர் இங்கே வந்து சேர்ந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வெளியான லெம்மி மென்பொருளின் 0.19 பதிப்பு பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: எங்கள் சர்வரை இப்போதுதான் 0.18-இலிருந்து 0.19-க்கு மாற்றினார்கள். எல்லா இடத்திலும் லாகின் போய்விட்டது. இரட்டைச் சரிபார்ப்பும் (கடவுச்சொல்லோடு போன் ஆப் காட்டும் எண்ணையும் கேட்பது) தானாக அணைந்திருக்கிறது. யாராவது கணக்கில் புகுந்துவிட்டார்களா?

இல்லை. இரண்டும் அப்டேட்டிலேயே திட்டமிட்டுச் செய்யப்பட்டவை. லாகின் அடையாளத்தைக் கையாளும் முறை மாறியதால் பழையவை செல்லாமல் போயின. மறுபடி உள்ளே போனால் போதும். ஆப்பில் மட்டும் லாகின் ஆகவில்லை என்றால், அந்த ஆப் பழைய ஏபிஐ முறையிலேயே பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆப்பைப் புதுப்பித்து, அதில் உள்ள கணக்கை நீக்கிவிட்டு மீண்டும் சேருங்கள்.

இரட்டைச் சரிபார்ப்பை அணைத்ததற்கு நல்ல காரணம் உண்டு. 0.18-இல் அந்தப் பெட்டியை டிக் செய்து சேமித்த உடனே அது அமலுக்கு வந்துவிடும். ரகசியக் குறியீடு, எண்ணைக் காட்டும் சரிபார்ப்பு ஆப்பில் சரியாக ஏறியதா என்று யாரும் கேட்கமாட்டார்கள். குறியீட்டை ஏற்றத் தரப்படும் இணைப்பைக் கணினியில் அழுத்தினால் பலருக்கு எதுவும் திறக்காது. லாக்-அவுட் செய்த பிறகுதான் கதவு பூட்டிக்கொண்டது தெரியும். 0.19-இல் கியூஆர் படத்தை ஸ்கேன் செய்து, சரிபார்ப்பு ஆப் காட்டும் 6 இலக்க எண்ணை அடித்தால்தான் அது இயங்கத் தொடங்கும். எண் ஏற்கப்படாவிட்டால் முதலில் போனின் நேரத்தைப் பாருங்கள். 30 நொடிக்கு ஒருமுறை மாறும் எண் என்பதால், கடிகாரம் ஒரு நிமிடம் தள்ளி ஓடினாலே தவறாகிவிடும். அதே படத்தை இன்னொரு கருவியிலும் ஸ்கேன் செய்துவையுங்கள். வேறொரு பிரவுசரில் உள்ளே நுழைந்து பார்க்கும்வரை இந்தப் பிரவுசரில் லாக்-அவுட் செய்யாதீர்கள்.

கேள்வி: ஒரு சர்வரையே பிளாக் செய்தேன். அங்குள்ளவர்களின் கமெண்ட் இன்னும் வருகிறதே?

அந்தச் சர்வரில் இருக்கும் குழுக்களின் பதிவுகளைத்தான் அது மறைக்கும். அந்த ஊர்க்காரர் வேறு சர்வரில் உள்ள குழுவுக்கு வந்து பேசினால் தெரியத்தான் செய்யும். அவரைத் தனியாக பிளாக் செய்ய வேண்டும். பட்டனுக்கு இந்த வரம்பு தெரியும்படி பெயர் வைத்திருக்கலாம். கோபப்பட்டவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

கேள்வி: ஒரே பதிவுக்கு, அந்தக் குழு இருக்கும் மூலச் சர்வரில் 140 கமெண்ட், எங்கள் சர்வரில் 30. அப்டேட்தான் கெடுத்ததா?

பாதி உண்மை. முதலில், உங்கள் சர்வரில் ஒருவராவது அந்தக் குழுவைப் பின்தொடரத் தொடங்கிய பிறகு நடப்பவைதான் ஒழுங்காக வந்து சேரும். பழைய கமெண்ட் தானாக வராது. குறிப்பிட்ட ஒன்று வேண்டுமென்றால் அதன் முழு முகவரியை உங்கள் சர்வரின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். அதை மட்டும் இழுத்து வரும்.

அடுத்தது வரிசைச் சிக்கல். 0.18-இல் மற்ற சர்வர்களுக்கு அனுப்ப வேண்டியவை நினைவகத்தில் மட்டும் இருந்தன. சர்வரை மறுதொடக்கம் செய்தால் போனது போனதுதான். 0.19 அவற்றைத் தரவுத்தளத்தில் வைத்து, ஒவ்வொரு சர்வருக்கும் எதுவரை அனுப்பினோம் என்று குறித்துக்கொள்கிறது. எதிர்ப்பக்கம் படுத்துவிட்டாலும் பின்னால் விட்ட இடத்திலிருந்து தொடரும். உண்மையிலேயே பெரிய முன்னேற்றம் இது. ஆனால் 0.19.0 வந்த புதிதில் பல சர்வர்களில் இந்த அனுப்பும் வேலை நடுவில் நின்றுபோனது. அட்மின்கள் அடிக்கடி மறுதொடக்கம் செய்து ஓட்டினார்கள். அடுத்தடுத்த திருத்தங்களில் அது சரியானது.

அதன் பிறகும் ஒன்று மிஞ்சியது. ஒன்றை அனுப்பி, பதில் வந்த பிறகுதான் அடுத்தது போகும். ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஒரு போய்வரலுக்கு சுமார் 0.3 நொடி என்று வையுங்கள். நொடிக்கு 3, மணிக்கு சுமார் 10,800, நாளுக்கு ஏறத்தாழ 2.6 லட்சம், அதற்கு மேல் போகாது. ஒவ்வொரு ஓட்டும் தனிச் செய்தி என்பதால் லெம்மி.வேர்ல்டு போன்ற பெரிய சர்வர் இதைத் தாண்டிவிடும். ஆஸ்திரேலிய சர்வர்கள் நாள் கணக்கில் பின்தங்கியது இதனால்தான். அங்கிருந்த இயந்திரத்தின் வேகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 0.19.6-இல் ஒரே நேரத்தில் பலவற்றை அனுப்பும் வசதி வந்தது. அதை அனுப்பும் சர்வரின் அமைப்புக் கோப்பில்தான் கூட்ட வேண்டும். அதனால் உங்கள் அட்மினைத் திட்டிப் பயனில்லை. மூலச் சர்வரின் அட்மினிடம் கேளுங்கள்.

கேள்வி: டாக்கரில் (மென்பொருளைத் தயார் பொட்டலமாக ஓட்டும் கருவி) சொந்தமாகச் சிறிய சர்வர் நடத்துகிறேன். 0.19.4-க்குப் போகும்போது போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் டாக்கர் பொட்டலத்தை (இமேஜ்) 15-இலிருந்து 16-க்கு மாற்றினேன். தரவுத்தளம் எழவே மறுக்கிறது.

15-இன் கோப்புகளை 16 நேரடியாகத் திறக்காது. பயப்பட வேண்டாம், தரவு அப்படியே இருக்கிறது. பதிப்பு எண்ணைப் பழையபடி 15-க்கு மாற்றி, போஸ்ட்கிரஸை மட்டும் எழுப்புங்கள்; லெம்மி நின்றே இருக்கட்டும். பிஜி-டம்ப்-ஆல் (pg_dumpall) கட்டளையால் முழுவதையும் ஒரு கோப்பில் இறக்குங்கள். கோப்பின் கடைசிப் பகுதியைத் திறந்து, டம்ப் முடிந்தது என்ற வரி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வட்டு நிரம்பி பாதியில் நின்ற கோப்பும் பார்வைக்கு முழுசாகத்தான் தெரியும். பிறகு போஸ்ட்கிரஸை நிறுத்தி, பழைய தரவு அடைவின் (ஃபோல்டர்) பெயரை மாற்றி ஓரமாக வையுங்கள், அழிக்க வேண்டாம். காலி அடைவில் 16-ஐ எழுப்பி டம்ப்பை ஏற்றுங்கள். அது முடிந்த பிறகு லெம்மி, கடைசியில் முகப்பு (பிரவுசரில் தெரியும் பக்கங்களைத் தரும் பகுதி). இரண்டுக்கும் ஒரே பதிப்பு எண் இருக்கட்டும். படங்களைக் காக்கும் பிக்ட்-ஆர்எஸ் 0.5-க்கு மாறுவதால் அதன் அடைவையும் முன்பே நகலெடுத்துவிடுங்கள்.

கேள்வி: அப்டேட்டே வேண்டாம், வேறு சர்வருக்குப் போகிறேன். எதை எடுத்துப் போகலாம்?

அமைப்புகள் பக்கத்தில் ஏற்றுமதி பட்டன் இருக்கிறது, அதுவும் 0.19 தந்ததுதான். பின்தொடரும் குழுக்கள், பிளாக் பட்டியல், சேமித்தவை, அமைப்புகள் எல்லாம் ஒரு ஜேசன் கோப்பாக வரும். புதிய கணக்கில் அதை இறக்குமதி செய்யுங்கள். நீங்கள் எழுதிய பதிவுகளும் கமெண்டுகளும் மட்டும் உங்களோடு வராது. அவை பழைய பெயரிலேயே நிற்கும். அந்தக் கணக்கை நீக்கும் முன் இதை யோசியுங்கள்.