எச்.டி.ஆர். போட்டதும் படம் வெளிறுவது ஏன்?

கேள்வி: எல்.ஜி. ஓலெட் ரீவியில் பிளேஸ்ரேசன் 5 இணைத்திருக்கிறோம். கொன்சோலில் எச்.டி.ஆர். அளவைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தும், கேமில் வானமும் முகிலும் ஒரே வெள்ளையாய்த்தான் தெரிகின்றன. பிழை எதில்?
- வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: ரீவியில். எச்.டி.ஆர். என்பது வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையிலான வித்தியாசத்தைக் கூடுதலாய்க் காட்டும் படவகை. கொன்சோலைத் தொடுவதற்கு முன் ரீவியை ஒழுங்குபடுத்த வேண்டும். பலர் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

கொன்சோலின் அளவுத்திரை கேட்பது ஒன்றைத்தான்: எந்த வெளிச்சத்துக்கு மேல் உங்கள் ரீவியால் வித்தியாசம் காட்ட முடியாது? ரீவியில் 'டைனமிக் ரோன் மெப்பிங்' ஓடிக்கொண்டிருந்தால், அது கூடின வெளிச்சத்தையெல்லாம் தன்பாட்டில் அமுக்கிக் காட்டும். கொன்சோல் அதை நம்பி, ரீவிக்கு இல்லாத நிட்ஸை (திரை வெளிச்சத்தின் அலகு) கணக்கில் எடுக்கும். பிறகு கேம் ஒரு தரம், ரீவி இன்னொரு தரம் என்று படம் இரண்டு முறை மாற்றப்படுகிறது. முகிலின் மடிப்புகள் அங்கேதான் அழிகின்றன.

முதலில் எச்.டி.ஆர். உள்ள கேம் ஒன்றை ஓடவிட்டு, அது ஓடும்போதே ரீவியின் மெனுவைத் திறவுங்கள். சாதாரணப் படத்துக்கும் எச்.டி.ஆருக்கும் ரீவி தனித்தனியே அளவுகளைச் சேமிக்கிறது. கேம் ஓடாதபோது மாற்றினால் அது மற்றக் கணக்கில் போய்விடும். படமுறையை 'கேம் ஒப்டிமைசர்' ஆக்குங்கள். ரோன் மெப்பிங்கை 'எச்.ஜி.ஐ.ஜி.' என்பதில் வையுங்கள்; அப்போது ரீவி தன்பாட்டில் அமுக்காது. மின்சேமிப்பையும், அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாய் மாறும் வசதியையும் நிறுத்துங்கள்.

இனிக் கொன்சோல். செட்டிங்ஸ், ஸ்கிரீன் அன்ட் வீடியோ, வீடியோ அவுட்புட், அட்ஜஸ்ட் எச்.டி.ஆர். முதல் இரண்டு திரையிலும் நடுவில் ஒரு சூரியக் குறி வரும். மேல் பட்டனை ஒவ்வொன்றாய் அழுத்துங்கள். குறி மங்கி மங்கி, கண்ணுக்குப் படாமற்போகும் அந்தப் படியிலேயே நிறுத்த வேண்டும். அதற்கு மேல் அழுத்தினாலும் திரையில் ஒன்றும் மாறாது, ஆனால் கொன்சோலின் கணக்கு ஏறிக்கொண்டே போகும். மூன்றாவது திரை கருமைக்கு. ஓலெட் திரை முழுக் கருமையைக் காட்டும் என்பதால் ஆகக் குறைந்த அளவுக்கே இறக்கலாம். இதை இருட்டிய பிறகு செய்யுங்கள். எங்கள் கரையில் காலை வெயில் யன்னலால் நேரே திரையில் விழும்போது கருமையை அளப்பது வீண்வேலை.

கேமுக்குள் 'பேப்பர் வைட்' (சாதாரண வெள்ளையின் வெளிச்சம்) என்று தனியாக இருந்தால் 200 நிட்ஸ் அளவில் தொடங்குங்கள். எழுத்தும் வரைபடமும் கண்ணைக் குத்தினால் குறையுங்கள்.

கேள்வி: என்னுடையது 43 அங்குல, விலை குறைந்த ரீவி. பெட்டியில் எச்.டி.ஆர். என்று போட்டிருக்கிறது. ஆனால் அதைப் போட்டால் படம் இன்னும் இருளுகிறதே?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: எச்.டி.ஆர். சிக்னலை வாங்குவது வேறு, காட்டுவது வேறு. இவ்வகை ரீவிகள் பல 300 நிட்ஸ் அளவோடு நின்றுவிடும். பின்விளக்கைப் பகுதி பகுதியாய் மங்கச் செய்யும் வசதியும் இராது. பின்விளக்கை 100க்கு ஏற்றி, மின்சேமிப்பை நிறுத்திப் பாருங்கள். பிறகும் இருள் என்றால் கொன்சோலில் எச்.டி.ஆரை அணைத்துவிடுங்கள். நட்டமில்லை, சாதாரணப் படமே நன்றாயிருக்கும். வைத்திருக்க விரும்பினால் 'ஒன் வென் சப்போர்ட்டட்' போடுங்கள். 'ஒல்வேய்ஸ் ஒன்' போட்டால் எச்.டி.ஆர். இல்லாத பழைய கேம்களும் மாற்றப்பட்டுச் சாயம் போனமாதிரி வரும்.

கேள்வி: சம்சுங் ரீவியில் எச்.டி.ஆர். தெரிவே வரவில்லை. சிலவேளை திரை இரண்டு விநாடி கறுத்தும் போகிறது.
- வாசகி, ஏறாவூர்

பதில்: ரீவியில் 'எக்ஸ்டேர்னல் டிவைஸ் மெனேஜர்' போய், கொன்சோல் செருகிய எச்.டி.எம்.ஐ. துளைக்கு 'இன்புட் சிக்னல் பிளஸ்' போடுங்கள். பழைய மொடல்களில் அதன் பெயர் 'யூ.எச்.டி. கலர்'. திரை கறுப்பதற்கு முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். கொன்சோலோடு பெட்டியில் வந்ததையே பாவியுங்கள். அதிலும் கறுத்தால் கொன்சோலின் வீடியோ அவுட்புட்டில் '4கே வீடியோ ட்ரான்ஸ்ஃபர் ரேட்' என்பதை -1க்கு இறக்குங்கள்.